முத்தூற்றுத் தீவில் பூட்டிய கணிப்பொறியைத் திறக்க

வெண்கழி நாடு வாழ்க. மழை தவறாது பெய்க. கலங்கள் கரை சேர்க. கழியும் கடலும் காக்கும் பெருமன்னர் சேந்தன் கழியரையனாரின் ஒன்பதாம் ஆட்சியாண்டு, ஆடித் திங்கள் வளர்பிறை ஆறாம் நாள், அவர்தம் கல்வி அமைச்சன் கோடனூர் கிழான் வேண்மான் விடுக்கும் ஓலை, முத்தூற்றுத் தீவின் காவலர், அலைவாய் காத்த தித்தனார் திருமுன்பு சேர்க. தங்கள் குடி தழைக்க. தீவின் கிணறுகள் உப்புக் கலவாது ஊறுக. என் நலம் கேட்பீராயின், உடம்புக்குக் குறைவில்லை. மனம்தான் ஓய்ந்து போயிற்று.

நம் நாட்டுப் பள்ளிகள் அனைத்துக்கும் இணையவழிக் கற்றல் தளம் ஒன்றைத் தேர்ந்து தருக என்று மன்னர் பணித்து இருபத்தாறு திங்கள் ஆகின்றன. முதல் நான்கு திங்களிலேயே தேர்ந்துவிட்டேன் என்பதை இங்கே பதிகிறேன், ஏனெனில் அவையில் இதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கடல்கடந்த வணிகர் குழு ஒன்று கொணர்ந்த தளம் கண்ணுக்கு அழகியது. ஆயினும் இணைப்பு அறுந்தால் பாடமும் அறுந்தது, நம் பாடங்களை நம் விருப்பப்படி அடுக்கவும் அது இசையவில்லை. மற்றொன்று, எழுதியவர்களே தம் மூலத்தை உலகுக்குத் திறந்து வைத்த மென்பொருள். எவரும் படிக்கலாம், திருத்தலாம், கேளாமலே நிறுவிக்கொள்ளலாம். காற்று மாறி இணைப்பு விழுந்த நாளிலும் பள்ளிக்குள் இருக்கும் ஒரு கணிப்பொறியிலிருந்தே பாடம் நடத்தலாம். பாதி நாள் இணைப்பில்லாத தீவுகளை உடைய நாட்டுக்கு இதில் ஆராய என்ன இருக்கிறது?

ஆனால் ஓலைச் சட்டம் இருக்கிறது. நாட்டில் வழங்கவிருக்கும் எந்த எழுத்தும் முதலில் ஓலையில் படியெடுக்கப்பட்டு, அரசின் ஓலைகளைக் காக்கும் பண்டாரம் புகவேண்டும். அதன் பின்னரே முத்திரை. பண்டாரத் தலைவர் பூதனார் நேர்மையானவர், அதுதான் தொல்லை. திறந்த மூலம் என்பதால் அது படிக்கத்தக்க எழுத்து, படிக்கத்தக்கது ஆதலால் படியெடுக்கத்தக்கது என்று தீர்ப்புரைத்து, அறுபது எழுத்தர்களை அமர்த்தினார். பொருள் விளங்காத அந்த எழுத்தை அடைப்புக்குறி அடைப்புக்குறியாக அவர்கள் கீறினார்கள். புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்ற பழக்கத்தால் புள்ளிகளை மட்டும் விட்டுவிட்டார்கள். முப்பதாயிரம் ஓலை முடிந்த அன்று மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. முதல் ஓலையிலிருந்து மீண்டும் தொடங்குக என்றார் பூதனார். இப்படி நான்கு முறை ஆயிற்று. வணிகர் தளத்துக்கோ அரை நாளில் தடையின்மைச் சான்று கிடைத்தது. தம் மூலத்தை எவருக்கும் காட்டுவதில்லை என்று அவர்கள் கூறியதால், படியெடுக்க ஒன்றுமில்லை என்று முடிவாயிற்று. இதைக் கேட்டு அவையில் சிரித்தவன் நான் ஒருவனே. அந்தச் சிரிப்புக்கும் விளக்கம் கேட்டார்கள்.

இந்நிலையில்தான் தங்கள் தீவின் பள்ளி ஆசிரியை கொற்றியைப் பற்றித் தாங்கள் விடுத்த ஓலை வந்தது. கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் கழித்துப் போட்ட கணிப்பொறி ஒன்றைத் தேடியெடுத்து, காற்று அடங்கிய நாள்களில் அந்தத் திறந்த மூலத் தளத்தைத் தரவிறக்கி, பதினொரு நாளில் அவரே நிறுவி, மாலுமிக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு நாற்பத்து மூன்று மாணவரை ஆயத்தம் செய்துவந்தார் என்றும், முத்திரையில்லா எழுத்தை வழங்கிய குற்றத்துக்காகக் கணிப்பொறியைச் சுங்கக் கிடங்கில் பூட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள். தாங்கள் சட்டப்படி செய்தீர்கள். படித்ததும் முதலில் எனக்குச் சினம்தான் வந்தது, என்னைக் கேளாமல் ஒருத்தி செய்துவிட்டாளே என்று. பிறகு வெட்கம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

தேர்வு வரும் முழுநிலவு நாளில். தீவுக்கு அது மூன்றாண்டுக்கு ஒருமுறையே வரும். அவர்களுடைய பாடமும் பயிற்சியும் அனைத்தும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. தங்கள் ஓலையைக் கொணர்ந்த படகோட்டி சாத்தனிடம் ஆசிரியை மன்னிப்புக் கோரினாரா என்று வினவினேன். சாத்தன் உரைத்ததை அவர் சொல்லிலேயே எழுதுகிறேன்: "மன்னிப்பெல்லாம் கேக்கலீங்க. கெடங்குல உப்புக்காத்து அடிக்கும், பொட்டி மேல ஒரு துணியாச்சும் போடச் சொல்லுங்கன்னாங்க. அம்புட்டுதான்."

ஆகவே, இவ்வோலை கண்ட பொழுதே, சாத்தனின் படகு திரும்புமுன், கிடங்கைத் திறந்து கணிப்பொறியை ஆசிரியை கொற்றியின் கையில் ஒப்படைக்க. அவர்மேல் உள்ள வழக்கை என் பெயருக்கு மாற்றி எழுதுக. மின்சாரம் தடைப்படின் தங்கள் மாளிகையின் மின்கலத்தைத் தேர்வு நாள் வரை பள்ளிக்குத் தருக.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அமைச்சனின் ஆணையும் எழுத்துதான். அதுவும் படியெடுக்கப்பட்ட பின்னரே செல்லும். பண்டாரத்தில் கேட்டேன், மென்பொருள் ஓலைகள் முன்னே இருப்பதால் என் ஓலையின் முறை ஐப்பசியில் வரும் என்றார் பூதனார். எனவே இதை அங்கே தரவில்லை. அரச முத்திரையும் இதில் இல்லை. என் மோதிரத்தை அழுத்தியிருக்கிறேன், நாளை அதை மன்னர் திருமுன் கழற்றி வைப்பேன். எந்த ஆணையால் திறந்தீர் என்று தங்களை எவரேனும் கேட்பாராயின் இதைக் காட்டுக. இது செல்லாதே என்பாராயின், எழுதியவனுக்கும் அது தெரியும் என்று கூறுக.

இங்ஙனம் வேண்மான். இது மோதிரக் குறி. படி இல்லை. திறக்க.