வான்கூவர் வரை சமையலறை நாற்காலியில்

செயின்ட் ஜான்ஸ், நியூஃபவுண்ட்லாந்து
அக்டோபர் 9

அன்புள்ள டெர்மட்,

இங்கே நலம். நீயும் நோரீனும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே. போன் சமையலறையில் இருக்கிறது, உன் அப்பாவும் அங்கேதான் இருக்கிறார்.

அடுத்த மாதம் மூன்றாம் தேதிக்கு வான்கூவருக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். ஆமாம், இரண்டு பேருக்கும்.

அவருடைய நண்டுப் படகு வேண்டாம் என்று நீ கிளம்பிப் போனதிலிருந்து அவர் உன் பெயரைச் சொன்னதில்லை. நீ இருக்கும் தூரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். "ஐயாயிரம் கிலோமீட்டர். லண்டன்கூட நமக்குக் கிட்ட. இங்கிலாந்துக்கு ஓடிப்போயிருந்தா பக்கத்துலயாவது இருந்திருப்பான்."

டிக்கெட்டைப் பார்த்தார். காலை ஆறு மணிக்கு ஏறினால் பகல் பன்னிரண்டுக்கு இறங்கலாம் என்றிருந்தது. "ஆறு மணி நேரம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடலாம்" என்றார். பக்கத்து வீட்டு கிளாரன்ஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? "லியாண்டர், அங்க கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னாடி ஓடுதுப்பா. டொரான்டோவுல மாறி ஏறுறதோட பத்தரை மணி நேரம். என்ன, நாப்பது வருஷம் கடல்ல கெடந்தவனுக்கு வானம்னா வயித்தக் கலக்குதோ?"

சனிக்கிழமை காலை சரியாக ஆறு மணிக்கு உன் அப்பா நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப்போட்டு, இடுப்பு பெல்ட்டால் தன்னை அதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஒத்திகையாம். "உக்கார முடிஞ்சா வரேன். இல்லன்னா நீ மட்டும் போ." பக்கத்துப் பயணியாக வந்த கிளாரன்ஸ் அவர் தோளிலேயே தூங்கிப்போனார். நான் உன் அப்பாவுக்குச் சின்னக் கோப்பையில் தேநீர் கொடுத்தேன். "இது என்ன, கோழிக்குஞ்சுக்கா?" என்றார். விமானத்தில் இவ்வளவுதான் தருவார்கள் என்றேன்.

நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. குழந்தை பிறந்த சேதி சொல்ல அன்று நீ கூப்பிட்டபோது எதிர்முனையில் சத்தமே இல்லை, லைன் கோளாறு என்று மறுநாள் சொன்னாயே, லைனில் ஒரு கோளாறும் இல்லை. பெல்ட்டை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் நாற்காலியோடு ஓடிப்போய் எடுத்தவர் உன் அப்பா. "அம்மா, பொண்ணு பொறந்திருக்கா, ஏழு பவுண்டு, கேக்குதா?" என்று நீ கத்தியதையெல்லாம் முதுகில் நாற்காலியோடு நின்று கேட்டிருக்கிறார். வாயைத் திறந்து திறந்து மூடினாராம். கிளாரன்ஸ்தான் சொன்னார்.

நான் உள்ளே வந்து யார் என்று கேட்டேன். "ராங் நம்பர்" என்றார். மறுபடி சன்னலோரம் போய் உட்கார்ந்தார். சற்றுக் கழித்து, "பொண்ணு. ஏழு பவுண்டு" என்றார்.

"ராங் நம்பர்காரனுக்குப் பொண்ணு பொறந்தா நீ ஏன்யா அழற?" என்று கேட்டார் கிளாரன்ஸ்.

சாப்பிட எழுந்திருங்கள் என்றேன். "இன்னும் எறங்கலையே" என்று சொல்லிவிட்டு நாலரை மணி வரை அசையவில்லை.

மூன்றாம் தேதி விமான நிலையத்துக்கு யாரையும் அனுப்பாதே, நீயே வா. இருக்கை, தேநீர், உங்கள் ஊர் மழை எல்லாவற்றையும் குறை சொல்வார். சொல்லட்டும். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்துக்கொண்டு நிற்காதே. குழந்தையை அவர் கையில் கொடுத்துவிடு, டெர்மட். அது போதும்.

உங்கள் மூவருக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

உன் அம்மா
எஃபி