காலியாகும் மைதானத்தில் உங்களைத் தேடினேன்

அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். நேரில் இருந்தபோதே உங்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை.

இன்று மதியம் அம்மா கருவாடு புரட்டிப்போடப் போன நேரம் பார்த்து உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையைத் தள்ளிக்கொண்டு டீசல் வாசனைதான் முதலில் வந்தது. எத்தனை சோப்பு போட்டாலும் உங்கள் சட்டையை விட்டு அது போகாது என்று அம்மா சண்டை போடுவாளே, அதே வாசனை. ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு எடுக்க வேண்டும். பங்குச் சாமியார் அவ்வளவுதான் கேட்டார். கடலில் போய் உடல் கிடைக்காதவருக்கு, சவப்பெட்டிக்குள் அவருடைய உடுப்பை வைத்து, பூசை முடித்து, கல்லறைத் தோட்டத்தில் இறக்கிவிடுவது நம் பாம்பன் தெருவில் வழக்கம்தானே. வருகிற சனிக்கிழமை உங்களுக்கு. நான்தான் சரி என்று சொன்னேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவளிடம் சொல்ல வேண்டியதும் நான்தான். இன்று புதன்கிழமை.

எப்படிச் சரி என்று சொன்னேன் என்பதை நான் ரக்பியிலிருந்துதான் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கரையில், இலங்கைச் சிறையில் ஐந்து மாதம் இருந்துவிட்டு நீங்கள் வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். அம்மா உங்கள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்தார்களா, சோறு போட்டார்களா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நீங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, “பாப்பா, ஒன் போன்ல ரக்பி வருமா?” என்றீர்கள். அழுதுகொண்டிருந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். உங்களோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் சூசை சித்தப்பா, “அது என்னண்ணே, மருந்தா?” என்று கேட்டார்.

அப்புறம்தான் சொன்னீர்கள். சிறையில் ஒரு காவலர், சிங்களவர். அவர் பேச்சு உங்களுக்குத் தெரியாது, உங்கள் பேச்சு அவருக்குத் தெரியாது. இலங்கை ரக்பி அணி ஆடும் நாளில் மேசை மேலிருந்த சின்ன டிவியைக் கம்பிப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைப்பாராம். அந்த அணி தோற்றுக்கொண்டே இருக்குமாம். தோற்றதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாராம். “அன்னைக்கு மட்டும் அவுகளும் உள்ள இருக்க மாதிரியே இருக்கும் பாப்பா” என்றீர்கள்.

வர்ணனை புரியாததால் விதிகளை நீங்களே கண்டுபிடித்துக்கொண்டீர்கள். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளை முட்டித் தள்ளுவது கரைவலை இழுப்பு. ஒருவனை இரண்டு பேர் உயரத் தூக்கிப் பந்தைப் பிடிக்க வைப்பது சப்பரம் தூக்குவது. பந்தை முன்னால் எறியக் கூடாது என்பதை மட்டும் நீங்கள் விதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, மரியாதை என்று நினைத்தீர்கள். “பின்னாடி வர்றவனுக்குக் குடுத்துட்டுத்தான் போகணும். நல்ல பழக்கம்” என்பீர்கள். கல்லூரி நூலகத்துக் கணினியில் சரியான விதிகளை நான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். உங்களைத் திருத்தவில்லை. வாய் வரவில்லை என்பது ஒரு காரணம். உங்கள் விதிகள் நன்றாக இருந்தன என்பது இன்னொன்று.

கிழிந்த வலை பொத்தும் இடத்தில் இதைச் சொல்லியே உங்களைக் கேலி பேசி எடுப்பார்கள். நான் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்று கேட்பேன்.

“ஏண்ணே, உள்ள தூக்கிப் போட்டவனுக்கே கை தட்டுறியே, வெக்கமா இல்ல?” என்பார் சூசை சித்தப்பா.

“ஏலே, போட்டவன் வேற, ஆடுறவன் வேற. இவனுக பாவம், வர்றவன்போறவன்கிட்டயெல்லாம் அடி வாங்குறானுக.”

“நம்ம நாட்டுக்கு டீம் கிடையாதாக்கும்?”

“இருக்காம்ல. எனக்கு எவன் காட்டுனான்? காட்டுனவுக டீமைத்தான நான் பாக்க முடியும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போனீர்களே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிடுகிறது. அன்றைக்குக் கொழும்பில் ஆட்டம். வீட்டில் என் போனில் படம் நின்று நின்று வந்தது. நீங்கள் யோசித்துப் பார்த்துவிட்டு, “அது அவுக ஊரு ஆட்டம். கிட்டப் போனா நல்லாத் தெரியும்” என்றீர்கள். நான் மூன்று வருடம் கணினி அறிவியல் படித்தவள். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சட்டையை மாற்றிக்கொண்டு நீங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

சாலை முடிகிற இடத்தில், சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்ததற்குப் பக்கத்தில், நாம் இருவரும் கிழக்கே போனை நீட்டிக்கொண்டு நின்றோம். வந்துகொண்டிருந்த கொஞ்சம் படமும் போய்விட்டது. டொங்கென்று ஒரு செய்தி மட்டும் வந்தது. அந்தக் கரையின் செல்போன் கோபுரத்தைப் போன் பிடித்துவிட்டது. இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் அதைத் தமிழில் சொன்னதும் நீங்கள் மணலில் உட்கார்ந்துவிட்டீர்கள். “பாத்தியா பாப்பா, வள்ளத்துல போனா பிடிச்சு உள்ள வைக்கிறான், போன்ல போனா வாங்க வாங்கங்கிறான்!” அவ்வளவு சத்தமாக நீங்கள் சிரித்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற வடநாட்டுக் குடும்பம் ஒன்று காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தது. பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, காணாத ஆட்டத்தைக் காண்பதுபோல நீங்களே எனக்குச் சொன்னீர்கள். உங்கள் ஆட்டத்தில் அவர்கள் ஜெயித்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தோற்றிருந்தார்கள்.

அதற்கடுத்த வாடைக்காற்றுக் காலத்தில்தான் வள்ளம் கவிழ்ந்தது. சூசை சித்தப்பா ஒரு தண்ணீர்க் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்திருக்கிறார். வெளிச்சம் இருந்தவரை உங்கள் தலையைப் பார்த்ததாகச் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் யாரும் கேட்கவில்லை. படகுகள் போய்த் தேடின. ஹெலிகாப்டர் வந்தது. அந்தக் கரையில் ஒதுங்கிப் பிடிபட்டிருக்கலாம் என்று ஒருவர் சொல்ல, அம்மா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். மனு எழுதும் வேலை என்னுடையதாயிற்று. குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்தால் ஆன காரியம் இதுதான். கலெக்டர் ஆபீஸில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் எழுந்து நிற்பேன். ஆனாலும் போனேன். பிடிபட்டவர்கள் பட்டியல் ஒவ்வொன்றிலும் விரல் வைத்து வாசித்தேன். உங்கள் பேர் எதிலும் இல்லை.

பட்டியலில் இல்லை என்றதும் நான் வேறு இடத்தில் தேடத் தொடங்கினேன். இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

இலங்கை அணி தன் ஊரில் ஆடும் ஆட்டங்களைப் போனில் பார்ப்பேன். முதலில் உங்களுக்குப் பதிலாகப் பார்க்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒரு தடவை கேமரா பார்வையாளர் பக்கம் மெதுவாக நகர்ந்தது. குடை, கொடி, முகம், முகம், முகம். நான் ஆட்டத்தை விட்டுவிட்டேன். ஒருவேளை கரை ஒதுங்கி, நினைவு தப்பி, யாரோ சோறு போட்டு வைத்துக்கொண்டிருந்தால், எல்லாம் மறந்துபோனாலும் இந்த ஆட்டம் மட்டும் உங்களுக்கு மறக்காமல் இருந்தால். அறிவு கெட்ட நினைப்பு என்று எனக்கே தெரியும். தெரிந்தும் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்தேன்.

போன வருடமும் இந்த வருடமும் அவர்கள் எப்படி ஆடினார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் கால் மணி நேரம் ஜெயிக்கிறவர்கள் மாதிரிதான் ஆடுகிறார்கள். பதினான்காம் எண் பையன் ஓரக்கோட்டை உரசிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் நீங்கள் எழுந்தே நின்றுவிடுவீர்கள். பிறகு கரைவலை இழுப்பில் காலை ஊன்ற முடியாமல் சரிவார்கள். நடுவர் விசில் ஊதுவார். எதிரணி பந்தை ஓரத்துக்கு உதைத்து, சப்பரம் தூக்கி, கும்பலாகத் தள்ளிக்கொண்டே வந்து கோட்டுக்குள் பந்தை வைத்துவிடும். நாலு தடவை ஐந்து தடவை இதே மாதிரி. தெரிந்த அடி, தடுக்கத்தான் முடியவில்லை. ஹாங்காங்காரர்களோடு ஆடியபோது கடைசிக் கால் மணி நேரம் பார்க்கவே பாவமாக இருந்தது. இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றார்கள்.

ஆனால் நான் ஒன்றைக் கவனித்துவிட்டேன். தோற்கும்போது கூட்டம் முன்னதாகவே எழுந்து போய்விடுகிறது. இருக்கைகள் காலியாகின்றன. மிச்சம் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் தனித்தனியாகத் தெரிகிறது.

அப்பா, நான் அவர்கள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத் தொடங்கினேன். நீங்கள் அவ்வளவு இரக்கப்பட்ட அணி அது. சமீபத்தில் ஒரு ஆட்டம் கடைசி வரை இழுபறியாக இருந்தது. பத்து நிமிடம் பாக்கி. ஒரே ஒரு தடவை கோட்டுக்குள் போனால் ஜெயித்துவிடலாம். கூட்டம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. யார் முகமும் தெரியவில்லை. அம்மாவின் ஜெபமாலையைக் கையில் உருட்டிக்கொண்டு எதிரணிக்காக வேண்டினேன். என் வேண்டுதல் கேட்கப்பட்டது. அந்தப் பதினான்காம் எண் பையன் புல்லில் முகம் புதைத்துப் படுத்துக்கொண்டான். கூட்டம் கலைந்தது. கேமரா நகர்ந்தது.

மேல் வரிசையில் ஒருவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு. மடியில் இரண்டு கையும். நீங்கள் உட்காருகிற மாதிரியே. படத்தை நிறுத்தி, பிடித்து, பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. சூசை சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். அவர் போனை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“அண்ணன் இல்ல தாயி.”

“நல்லாப் பாருங்க சித்தப்பா. உக்காந்திருக்கது அப்படியே அப்பா மாதிரி.”

“உக்காந்திருக்கது அண்ணன் மாதிரிதான். கையைப் பாரு. வலது கையில அஞ்சு விரலும் இருக்கு.”

வலை இழுக்கும் விஞ்ச் கயிற்றில் நீங்கள் சுண்டு விரலைப் பறிகொடுத்தது நான் பிறப்பதற்கு முன்பு. இருபத்திரண்டு வருடம் அந்த நாலு விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான். படத்தில் முதலில் பார்த்ததே அந்தக் கையைத்தான். பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சித்தப்பா போனைத் திருப்பித் தரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, “நான் ஒண்ணு சொல்லல தாயி. ஒங்க யாருகிட்டயும் சொல்லல. கேனை முதல்ல பிடிச்சது அண்ணன். என் பக்கம் தள்ளிவிட்டுட்டு, ‘நீ பிடிலே, நான் நீந்துவேன்’னாரு. கொஞ்ச தூரம்தான் நீந்துனாரு. வெளிச்சம் போறதுக்கு முன்னாடியே தலை தெரியல” என்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சித்தி உள்ளேயிருந்து வந்து என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தாள்.

அடுத்த நாள் பூசை முடிந்து எல்லோரும் போனபின் சாமியாரிடம் போய் நின்றேன். அவரே, “அப்பா விஷயமாம்மா?” என்று கேட்டார். தலையாட்டினேன். “சனிக்கிழமை வச்சுக்கலாமா?” அதற்கும் தலையாட்டினேன். இரண்டு தலையாட்டலில் உங்களை அடக்கம் செய்ய ஒப்புக்கொண்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஆட்டம் நடந்தது. பார்க்கவில்லை. ஜெயித்தார்களா என்றுகூடத் தேடவில்லை. உங்களிடம் சொல்ல அது ஒன்றுதான் மிச்சமிருந்தது, அதையும் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிட்டேன்.

மூன்று நாளாக அம்மாவின் முன்னால் போய் நிற்கிறேன். “என்ன?” என்கிறாள். “ஒண்ணுமில்ல” என்கிறேன். நேற்றுத் துணிந்து, “அப்பா இனிமே…” என்று தொடங்கினேன். அவள் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மிக அமைதியாகச் சொன்னாள்: “போனவுக கனவுல வருவாகடி. எங்க அப்பா வந்தாக. எங்க அண்ணன் மூணாம் நாளே வந்தான். ஒங்க அப்பா இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள்கூட வரல. அப்ப அவுக எங்கயோ இருக்காகன்னுதான அர்த்தம்?” கழுத்துத் தாலியைச் சேலைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டு கூடையைத் தூக்கிப் போய்விட்டாள்.

வேட்டி, சட்டை, துண்டு மூன்றையும் என் சுடிதாருக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். வியாழன், வெள்ளி இரண்டு நாள்தான் இருக்கிறது. இத்தனையும் எழுதியது இந்த ஒன்றைக் கேட்கத்தான் அப்பா. என்னிடம் வர வேண்டாம். நான் நம்பிவிட்டேன். சனிக்கிழமைக்குள் ஒரே ஒரு தடவை அம்மாவின் கனவில் வாருங்கள். நீங்கள் இல்லை என்று நீங்களே அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.