விரல் ஸ்கேனுக்கு வந்த பில்

என் ஸ்டெல்லாக்காவுக்கு,

உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்து இன்னும் வீடு அடங்கவில்லை, அதற்குள் இவள் சண்டைக்குக் கிளம்பிவிட்டாளே என்று அங்கே தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். கிளம்பியது உண்மைதான். ஆனால் போன இடத்தில் சண்டையை முடிக்க வாய் வரவில்லை, அக்கா. தெருவையே கூட்டுகிற இந்த வாய்தான். யாரிடம் சொன்னாலும் உச்சுக் கொட்டுகிறார்கள், எனக்கு அது வேண்டாம். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மாமா ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஆம்பூர் ஸ்டேஷன் வரை போகிறார், சவாரி வந்தாலும் ஏற்றாமல் திரும்பி வந்துவிடுகிறார். பெண்டாட்டி தம்ளர் என்று உன் தம்ளரில்தான் டீ குடிக்கிறார். பள்ளிகொண்டாவில் நீ மாசாமாசம் சம்பளத்தில் கட்டி வாங்கிய மனையை விற்றுவிடலாம் என்று புரோக்கரிடம் சொல்லியிருந்தார். எல்லாம் அந்தப் பில்லால்தான்.

காய்ச்சலும் மூச்சு வாங்கலும் என்றுதானே உன்னைக் கூட்டிக்கொண்டு போனோம்? "நாப்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்மா" என்றுதானே அட்மிஷனில் சொன்னார்கள்? கம்பெனியில் கொடுத்த ஈ.எஸ்.ஐ. கார்டை நீட்டினேன், இங்கே செல்லாது என்று திருப்பித் தந்தார்கள். கடைசியில் மூன்று லட்சத்துச் சொச்சம் வந்து நின்றது. உன்னை வெளியே விட வேண்டும் என்பதற்காக மாமா கடன் வாங்கிப் பாதியைக் கட்டி, மீதியை ஒரு மாதத்தில் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அந்த நேரத்தில் எவன் பில்லைப் படிப்பான்?

கருமாதிச் சாப்பாடெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு நான் படித்தேன். ஊசி, மருந்து, டாக்டர் பார்த்தது, ஐ.சி.யு. கட்டில் என்று பக்கம் பக்கமாகப் போனது. நடுவில் ஒரு வரி: கைவிரல் ரத்தக்குழாய் ஸ்கேன். மறுநாள் தேதியில் இன்னொரு தடவை அதே ஸ்கேன். மூச்சு முட்டுகிறது என்று போனவளுக்கு விரலில் என்ன ஸ்கேன்? எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"விட்ரு ரீட்டா. செத்தவள வெச்சு பேரம் பேசற மாதிரி இருக்குது" என்றார் மாமா.

"பேரம் இல்ல மாமா. எதுக்குன்னு கேக்கறேன். கேக்கக் கூடாதா?"

இழுத்துக்கொண்டுதான் போனேன். பில் கவுண்டரில் இருந்தவன், டாக்டர் எழுதியதைத்தான் நாங்கள் போடுவோம் என்றான். என் குரல் உனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடி ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உடனே மரியாதையாகப் பெரிய டாக்டர் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் நல்ல மாதிரிதான் பேசினார். உன் ஃபைலை வரவழைத்துப் புரட்டினார்.

"விரல்ல மாட்டற மெஷின்ல இவங்களுக்கு ஆக்சிஜன் ரொம்பக் கம்மியா காட்டிச்சும்மா. அதான் உடனே ஐ.சி.யு.வுக்கு மாத்தினோம். ரத்தம் எடுத்துப் பாத்தா ஆக்சிஜன் சரியா இருந்தது. ஆனா விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது. விரலுக்கு ரத்தம் போகலையோன்னு சந்தேகம். அதுக்குத்தான் ஸ்கேன். முதல் தடவை ஒண்ணும் தெரியல, கறுப்பும் போகல, அதான் ஐ.சி.யு.லயே வெச்சு மறுநாளும் எடுத்தோம்."

"இன்னா கறுத்துப் போயிருந்தது?" என்றேன்.

"நகம், விரல் நுனி, எல்லாம்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"சார், அது மை" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஷூவுக்குத் தோலை வெட்டினால் வெட்டின ஓரம் வெளுப்பாகத் தெரியும், அது தெரியாமல் இருக்க பிரஷ்ஷால் கறுப்பு மை பூசுவார்கள், அதுதான் உன் வேலை என்று சொன்னேன். உறை போட்டால் பிரஷ் வழுக்குகிறது என்று வெறும் கையாலேயே பூசுவாயே, அதையும் சொன்னேன். ஈஸ்டருக்கு எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பாய், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பாய், அப்படியும் போகாது. கோயிலில் நற்கருணை வாங்குகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருப்பாய். இதையெல்லாம் ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ கல்லறையில் இருக்கிறாய்.

"யாரும் எங்ககிட்ட சொல்லலியேம்மா" என்றார் அவர், மெதுவாக.

யார் சொல்வது? ஷூ கம்பெனியில் உங்கள் லைனில் வேலை செய்கிற அத்தனை பெண்களுக்கும் கை அப்படித்தான். நமக்கு அது உன் கை, அவ்வளவுதான். ஒருவருடைய மூக்கு இப்படித்தான் இருக்கும் என்று டாக்டரிடம் போய்ச் சொல்வோமா? பெட்டியில் வைக்கும்போதாவது யாராவது யோசித்திருப்பார்கள். அதற்கும் வழியில்லாமல் வழக்கப்படி வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. வந்தவுடனே நர்ஸ் உன் கையைப் பிடித்து அந்தக் கிளிப்பை மாட்டப் போனாள். நீ கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டாய். "கைய கழுவிட்டு வந்துர்றேன் சிஸ்டர்" என்றாய். "அதெல்லாம் வேணாம்மா, படுங்க" என்று அவள் சொன்னாள். கழுவினாலும் போயிருக்காது. ஆனால் ஏன் கழுவ வேண்டும் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இல்லையா அக்கா?

மெஷினுக்கு அந்த மை ஆகாதா என்று கேட்டேன். நகத்தில் அடர்த்தியாகச் சாயம் இருந்தால் அது தப்பாகக் காட்ட வாய்ப்பு உண்டு என்று ஒத்துக்கொண்டார். அப்படியானால் ஐ.சி.யு.வே தேவையில்லையா என்றேன். அந்த எண் இல்லாவிட்டால் ஒருவேளை வார்டிலேயே வைத்துப் பார்த்திருப்போம் என்றார். பில்லில் அதையெல்லாம் குறைக்கச் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

"அப்போ எங்கக்கா செத்தது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. அவங்களுக்கு இதயம் ரொம்ப பலவீனமா இருந்தது. அதுக்கு மருந்து போய்ட்டுதான் இருந்தது. வார்டுல இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும்."

இதை நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்டால் தெரியும்? நீயாவது சொல்ல முடியுமா?

உன் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மாமா ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருந்தாரே, அதே மாதிரிதான் அங்கேயும் உட்கார்ந்திருந்தார். காலையில் ஐந்து நிமிஷம், சாயந்திரம் ஐந்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். நீ போன நேரத்தில் அவர் கதவுக்கு வெளியே இருந்தார்.

"வார்டுல இருந்திருந்தா நான் பக்கத்துல இருந்திருப்பேனே சார்" என்றார்.

டாக்டர் ஃபைலை மூடிவிட்டார். நான் அழுதுவிட்டேன். சண்டைக்குப் போன இடத்தில் எதிராளி முன்னால் அழுதேன், அக்கா. எனக்கே கேவலமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். ஐ.சி.யு., ஸ்கேன் எல்லாம் போக, மாமா முன்பே கட்டிய பணத்தோடு கணக்கு சரியாகிவிட்டது, இனி ஒரு ரூபாய் தர வேண்டாம் என்றார் மேனேஜர். கூடவே ஒரு காகிதத்தை நீட்டினார். சிகிச்சையில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, புகாரும் இல்லை என்று அதில் அடித்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பேனாவை எடுத்துவிட்டேன். மனை பிழைத்தால் போதும் என்று இருந்தது.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பணம் தீந்துச்சுன்னு எழுதுங்க, கையெழுத்து போடறேன். குறையே இல்லன்னு எப்படிங்க போடறது? அவ்ளோ பெரிய குறை இருக்குது எனக்கு."

"அப்போ குறைச்சது செல்லாதுங்க. முழுப் பணமும் கட்ட வேண்டியதாயிடும்" என்றார் மேனேஜர்.

"பரவால்ல. மனைய விக்கறேன்" என்று எழுந்துவிட்டார் மாமா.

இந்த மனுஷனா அக்கா? சந்தையில் தக்காளிக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கேட்க வெட்கப்பட்டு, தூரமாய்ப் போய் நிற்பாரே, அவரா? படிக்கட்டு வரை வந்துவிட்டோம். பின்னாலேயே ஆள் ஓடி வந்தான். அந்த வரியை எடுத்துவிட்டு வேறு காகிதம் அடித்து வைத்திருந்தார்கள். மாமா எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து போட்டார். புரோக்கருக்கும் அன்றைக்கே போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உன் மனை உன் பேரிலேயே இருக்கிறது.

நேற்று ஷிப்ட் விடுகிற நேரத்தில் உன் கம்பெனி கேட்டுக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இது மை என்று முதலில் சொல்லுங்கள் என்று உங்கள் லைன் பெண்களிடம் சொன்னேன். அவர்கள் குனிந்து தங்கள் கையைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக என் முன்னால் நீட்டினார்கள். எல்லாம் உன் கை. அவ்வளவு கறுப்பா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கல்லறைத் திருநாளுக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அங்கே கதவு கிடையாது, நேரமாச்சு என்று எழுப்ப ஆளும் கிடையாது. அவர் உன் பக்கத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரட்டும். நான் தள்ளி நின்றுகொள்கிறேன். வாயே திறக்க மாட்டேன், சத்தியம்.

உன் வாயாடித் தங்கச்சி,
ரீட்டா