அம்மாவின் கோபமும் ஒரு சுரப்பியும்

மார்ச் 3, செவ்வாய். காலை 7.40. அம்மா இன்று திட்டியது இதுவரை நான்கு முறை: அப்பாவை இரண்டு, என்னை ஒன்று, சொட்டுகிற சமையலறைக் குழாயை ஒன்று.

எல்லாவற்றுக்கும் காரணம் கால்சியம் என்பது என் முடிவு. ரத்தத்தில் பத்தரையைத் தாண்டக்கூடாது, அம்மாவுக்கு 11.6. தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று வெறிபிடித்து வேலை செய்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் கொட்டுகிறது. அதனால் மூட்டுவலி, மறதி, இரண்டு முறை சிறுநீரகக் கல்.

எங்கே இருக்கிறது அது? அல்ட்ராசவுண்டில் இல்லை. அடுத்த ஸ்கேனிலும் இல்லை. "இடம் தெரியாம கத்தி வைக்க மாட்டேன்" என்கிறார் சர்ஜன். நியாயம். நானும் மண்ணுக்கடியில் கேபிள் பழுது தேடுகிறவன்தான்.

அம்மா: "ஊர்க் கேபிளையெல்லாம் கண்டுபிடிக்கிற. பெத்தவ கழுத்துல இருக்கிறதக் கண்டுபிடிக்கத் துப்பில்ல."

மார்ச் 5

மிச்சமிருப்பது பெட் ஸ்கேன்: கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றினால், கெட்ட சுரப்பி அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். அதிலும் தெரியாவிட்டால் மாத்திரையோடு காலம் தள்ளி, அடுத்த கல்லுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்பா சர்ஜனைத் தனியாக ஓரம்கட்டிக் கேட்டார்: "கோபமும் அதோட போயிடுமா டாக்டர்?"

"அதுக்கு நான் பொறுப்பில்ல சார்."

மார்ச் 12, வியாழன்

இன்று ஸ்கேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஊசியில் போடும் கதிர்வீச்சு மருந்து நூற்றுப்பத்து நிமிடத்தில் பாதியாகிவிடும். அம்மாவின் நேரத்துக்கென்று கணக்குப் போட்டு வரவழைத்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டி, "இவங்க முதல்ல போகட்டும். கைக்குழந்தைய விட்டுட்டு வந்திருக்காங்க."

"அவங்க மருந்து வேறம்மா, இன்னும் வரவே இல்ல" என்றார் நர்ஸ்.

"வரட்டும். நான் இருக்கேன்."

பேருந்தில் சன்னலோர இடம் விட்டுக்கொடுப்பதுபோல! நாற்பது நிமிடம் போனது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மருந்து காற்றோடு போச்சு. கணக்கை நான் உரக்கச் சொன்னேன். கூடம் முழுக்கக் கேட்டது. கடைசியில் அந்தப் பெண்ணே, "நீங்க போங்கம்மா, உங்க பையனப் பார்த்தா பயமா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் அம்மா எழுந்தாள்.

ஸ்கேன் எடுக்கிற டெக்னீஷியன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரையும் பிடித்துக் கத்தினேன். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் சொன்னார்: "கொஞ்சம் கூடுதல் நேரம் படம் எடுத்தாச் சரியாயிடும் சார். அதத்தான் அப்பவே சொல்ல வந்தேன்."

மார்ச் 13

ரிப்போர்ட் வரவில்லை. படம் மங்கியிருந்தால்?

மார்ச் 16

கிடைத்தது! கழுத்திலேயே இல்லை. கீழே இறங்கி, மார்பெலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அல்ட்ராசவுண்டு எலும்பைத் தாண்டிப் பார்க்காது. பெட் ஸ்கேன் படத்தில் மட்டும் விளக்கு போட்டதுபோல் ஒரு புள்ளி. கழுத்து வழியாகவே எடுத்துவிடலாமாம்.

அம்மா: "அந்தக் குழந்தை பால் குடிச்சுதோ என்னவோ."

ஏப்ரல் 7

எடுத்தாயிற்று. அவரைக்கொட்டை அளவு. அம்மாவுக்குக் குரல் கம்மியிருக்கிறது. வீடு அமைதி. அப்பா முகத்தில் ஒரு களை.

ஏப்ரல் 20, திங்கள்

கால்சியம் 9.2. மூட்டுவலி இல்லை. மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறாள். மறதியும் போய்விட்டது, அதனால் அப்பா பல வருடங்களாகச் செய்த தப்பெல்லாம் தேதியோடு வருகிறது. திட்டு வாங்கிக்கொண்டே அப்பா ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். "ஒன்பது புள்ளி ரெண்டுதானே போட்டிருக்கு?"

குடும்பத்தில் வரக்கூடியதாம், என்னையும் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார்கள். இன்று முடிவு வந்தது. 9.4.

என் கோபத்துக்குப் பழி போட எந்தச் சுரப்பியும் இல்லை.

செய்ய வேண்டியவை:

1. அந்த டெக்னீஷியனை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்பது.
2. அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது.
3. சமையலறைக் குழாய்க்கு வாஷர் வாங்கிப் போடுவது. ஐந்து மாதமாகச் சொட்டுகிறது. இடம் தெரியும், ஸ்கேன் தேவையில்லை.