மச்சாளோடை வெந்நீர்க் குளிப்பு

ஒக்டோபர் 10, சனி. ஹவுன்ஸ்லோ

விடியத் தொடக்கம் தூறல். காயப்போட்ட உடுப்பு ஒண்டும் காயேல்லை. சூட்கேசை ஹோலுக்குள்ள விரிச்சு வைச்சிருக்கிறன், பிள்ளையள் அதைத் தாண்டித் தாண்டி விளையாடுதுகள்.

கொண்டுபோக: ஸ்வெட்டர், பனடோல், நல்ல சப்பாத்து. மச்சாளுக்கு மிளகாய்த்தூள். மச்சாளுக்கு ஊறுகாய்ப் போத்தல் (பொலித்தீனில சுத்த வேணும்). சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கிற குத்துவிளக்கு. அந்தப் பாரமும் என்ரை சூட்கேசிலதானாம். அவவின்ரை சூட்கேஸ் முழுக்கச் சீலை.

மச்சாளோட, இவரின்ரை அக்காவோட, யப்பானுக்குப் போறன். ஆரும் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டன். அவவின்ரை மகன் கண்ணன், கூட வேலை செய்யிற யப்பான் பெட்டையைக் கட்டப்போறான். நவோக்கோ. நல்ல பிள்ளை, என்னை ஆன்ரி எண்டு கூப்பிடுவாள். கலியாணம் தை மாசம் இஞ்சை. அதுக்கு முதல் பெட்டையின்ரை தாய் தேப்பனுக்கு எங்களைப் பாக்க வேணுமாம். அதுகள் மலைக் கிராமம் ஒண்டில வெந்நீர்க் குளிப்பு விடுதி நடத்துதுகள், பரம்பரையா. கண்ணனும் நவோக்கோவும் முதலே அங்கை போயிட்டினம். மச்சாளின்ரை மனுசன் உயிரோட இல்லை. இவருக்குப் பெற்றோல் ஷெட்டில லீவு இல்லை. "வதனி வரட்டும்" எண்டு மச்சாள் போனில சொல்லிப்போட்டு வைச்சிட்டா. என்னைக் கேக்கேல்லை.

நான் உடன ஓம் எண்டது இவருக்கு ஆச்சரியம். அந்த மனிசியோட தனிய இருக்க இடம் கிடைக்காதோ எண்டு ரெண்டு வருசமாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன். அது இவருக்குத் தெரியாது.

ஒக்டோபர் 13, செவ்வாய். விடுதி

குளிர், ஆனால் நல்ல வெயில். பிளேன், ரெயின், பிறகு வளைஞ்சு வளைஞ்சு ஏறுற பஸ். மச்சாளுக்கு சத்தி. நான்தான் பையைப் பிடிச்சன். பிளேனில வந்த சாப்பாட்டுத் தட்டு, நான் வேலை செய்யிற பிளேன் சாப்பாட்டுப் பக்டரியில அடுக்கிற மாதிரித்தான். பண் காய்ஞ்சு போச்சு.

மர வீடு. கடதாசிக் கதவு. வாசலில சப்பாத்தைக் கழட்டச் சொன்னவுடன மச்சாளுக்குச் சந்தோசம், "எங்கட ஆக்கள் மாதிரி". நவோக்கோவின்ரை தாய் நிலத்தில முழங்கால் குத்திக் கும்பிட்டா. நாங்கள் என்ன செய்யிறது எண்டு தெரியாமல் ரெண்டு பேரும் நிண்டம். எனக்கும் மச்சாளுக்கும் ஒரே அறை. கட்டில் இல்லை, பாய்த் தரையில மெத்தை.

எங்கை பாத்தாலும் ஆவி. முட்டை அவிச்ச மணம். மணந்தவுடன திருகோணமலைக் கன்னியா ஞாபகம். வெந்நீர்க் கிணத்தடி. அங்கைதான் என்ரை தம்பி அம்மாவின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தவன். நான் பாக்கேல்லை.

எழுதித்தான் ஆறவேணும். 87 ஆவணி. அம்மா திருகோணமலையில தம்பியோட இருந்தவ. எங்கட வீட்டில அப்ப போன் இல்லை, ஊரில இருந்து எது வந்தாலும் மச்சாள் வீட்டுக்குத்தான் வரும். மச்சாளின்ரை மகள் சுகந்தி பெரிசாகி, சனிக்கிழமை சாமத்திய வீடு, டூட்டிங்கில ஹோல் எடுத்து. மாமி எண்டு நான்தான் தண்ணி வாத்தனான், ஆலாத்தி எடுத்தனான், பந்தியில நிண்டு எல்லாருக்கும் பரிமாறினனான். செவ்வாய்க்கிழமை இவர் வேலையால வந்து என்னைக் கட்டிலில இருத்திச் சொன்னவர், அம்மா போயிட்டா, இப்பதான் அக்கா வீட்டை போன் வந்ததாம். அவரும் என்னோட இருந்து அழுதவர்.

90இல தம்பி லண்டன் வந்தான். கதையோட கதையாய்ச் சொன்னான், வியாழக்கிழமையே போன் எடுத்தனான் அக்கா, மச்சாள்தான் கதைச்சவ எண்டு.

அம்மா செத்துக் கிடக்க நான் பொட்டு வைச்சு, பூ வைச்சு, ஆலாத்தித் தட்டோட நிண்டிருக்கிறன். செத்தவீட்டுத் துடக்கெண்டால் சடங்கு நிண்டிடும் எண்டு அந்த மனிசி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறா.

இப்ப பக்கத்து மெத்தையில குறட்டை விடுறா.

ஒக்டோபர் 14, புதன்

மழை இல்லை. மலை உச்சியில மட்டும் இலை சிவந்திருக்கு. காலமைச் சாப்பாடு: சோறு, சுட்ட மீன், ஏதோ கீரை, சூப். எல்லாம் சின்னச் சின்னக் கோப்பையில. எனக்குப் பிடிச்சிருக்கு. மச்சாள் சோத்துக்கு மிளகாய்த்தூள் போட்டுப் பினைஞ்சா.

மச்சாள் ரொயிலெற்றுக்குப் போன நேரம் நவோக்கோ அறைக்கு வந்து யுக்கட்டா கட்டக் காட்டித் தந்தாள். முன்பக்கம் திறந்த நீட்டுப் பருத்தி உடுப்பு, இடுப்பில பட்டி. விடுதிக்குள்ள எல்லாரும் இதுதான் உடுக்கிறது. இடப்பக்கம் மேல வர வேணும், ஆன்ரி, மறந்துபோகாதேங்கோ எண்டாள். வலப்பக்கம் மேல வந்தால் அது செத்த ஆக்களுக்கு உடுத்துற முறையாம். பாட்டிக்கும் சொல்லிவிடுங்கோ எண்டு போனாள். மச்சாளைப் பாட்டி எண்டது எனக்குப் பெரிய சந்தோசம்.

மச்சாள் வந்து தானே உடுத்தினா. வலப்பக்கம் மேல.

பாத்துக்கொண்டிருந்தன். "சரியோ?" எண்டா. சரி எண்டன். பட்டியையும் நானே இறுக்கிவிட்டன்.

பின்னேரச் சாப்பாட்டுக்குச் சம்பந்தி வீட்டுச் சனம் முழுக்க வரிசையாய் இருக்குது. மச்சாள் பிணக்கோலத்தில பெரிய எடுப்பா நடந்து வாறா. ஒரு கிழவர் கோப்பையைக் கீழ வைச்சிட்டார். நவோக்கோவின்ரை சித்தி வாயைப் பொத்தினா. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. உண்மை, அப்பிடித்தான் இருந்தது. அஞ்சு வருசத்துக்குப் பிறகு ஒரு நிமிசம்.

ஒரு நிமிசந்தான். நவோக்கோவின்ரை தாய் எழும்பி வந்தா. மச்சாளைத் திரைக்குப் பின்னால கூட்டிக்கொண்டு போய், முழங்காலில இருந்து, அவிழ்த்து மாத்திக் கட்டிவிட்டு, மடிப்பைக் கையால தடவிச் சரிபண்ணிக் கூட்டிக்கொண்டு வந்தா. மச்சாளுக்குக் கண் கலங்கிப் போச்சு. என்ரை காதுக்குள்ள, "பாத்தியே பிள்ளை, சம்பந்தி எனக்குத் தன்ரை கையால உடுத்திவிடுறா. எங்கட சனம் செய்யுமே?"

மரியாதை எண்டு நினைச்சிட்டா.

நவோக்கோ என்னைப் பாத்தாள். அவளுக்கு விளங்கீட்டுது. நான் மீனைப் பாத்துக்கொண்டு சாப்பிட்டன். உப்புமில்லை, புளியுமில்லை.

ஒக்டோபர் 15, வியாழன்

கண்ணனும் நவோக்கோவும் பட்டணத்துக்குப் போயிட்டினம், ஏதோ வாங்க. மத்தியானத்துக்குப் பிறகு பொம்பிளையள் குளிக்கிற பக்கம் ஒருத்தரும் இல்லை.

ஒரு நூல் கூட உடம்பில இருக்கக்கூடாது, அதுதான் அங்கை சட்டம். ரெண்டு நாளாய் வரமாட்டன் எண்டு நிண்ட மச்சாள், முழங்கால் உளைவு தாங்கேலாமல் இண்டைக்கு வாறன் எண்டா. முதல் சின்ன மர வாங்கில குந்தி வாளித் தண்ணியில உடம்பு கழுவ வேணும். முதுகுக்குக் கை எட்டாமல் தவிச்சா. நான் உதவிக்குப் போகேல்லை. அவவின்ரை வயித்தில பெரிய ஒப்பரேசன் தழும்பு, வத்தின கை. பாவம் பாத்திடக்கூடாது எண்டு நான் கல்லைப் பாத்துக்கொண்டிருந்தன்.

தண்ணி கொதி. கழுத்தளவுக்கு இறங்கி இருந்தம். எழும்பி ஓட அவவுக்கு உடுப்பும் இல்லை. இதுதான் நேரம் எண்டு கேட்டன்.

"மச்சாள், சாமத்திய வீட்டுக்கு முதல் என்ரை தம்பியின்ரை போன் வந்தது. நீங்கள்தானே எடுத்தனீங்கள்?"

"ஓம்." யோசிக்கவே இல்லை.

"அம்மா செத்தது தெரிஞ்சுகொண்டோ என்னை ஆலாத்தி எடுக்க விட்டனீங்கள்?"

"தெரியும்." முகத்தைத் துடைச்சா. ஹோல் எடுத்தாச்சாம், சனத்துக்குச் சொல்லியாச்சாம். எனக்கு அப்ப விசாவும் இல்லையாம், தெரிஞ்சாலும் போயிருக்கேலாதாம்.

ரெண்டு வருசமாய் மனசுக்குள்ள சொல்லிப் பாத்ததெல்லாம் சொன்னன். நீங்கள் மனுசியே இல்லை எண்டன். உங்கட பிள்ளையின்ரை தலையில வாத்த தண்ணி என்ரை அம்மாவின்ரை பிணத்துக்கு வாக்க வேண்டிய தண்ணி எண்டன். குரல் பாறையில பட்டுத் திரும்பி வந்தது. மச்சாள் கேட்டுக்கொண்டிருந்தா, மறிக்கேல்லை. நான் ஓஞ்ச பிறகுதான் சொன்னா.

"நான் உனக்குச் சொல்ல வெளிக்கிட்டனான், பிள்ளை. கோட்டும் போட்டாச்சு. தம்பிதான் மறிச்சவன். சடங்கு முடியட்டும் அக்கா, பிறகு நான் பக்குவமாய்ச் சொல்லுறன் எண்டான்."

தம்பி எண்டது இவரை.

"அவன் தனக்குத் தெரியும் எண்டதை இவ்வளவு காலமும் உனக்குச் சொல்லேல்லையே?"

பொய்யோ எண்டு முகத்தைப் பாத்தன். அவவுக்கு உண்மையாவே ஆச்சரியம். அந்த வெள்ளிக்கிழமை நினைவு வந்தது. இவர் கேளாமலே எனக்கு ஒரு சீலை வாங்கிக்கொண்டு வந்தவர், மாம்பழ நிறம். அதுக்கு முதலும் வாங்கினதில்லை, பிறகும் வாங்கினதில்லை. அப்ப எவ்வளவு பெருமைப்பட்டன்.



ஒக்டோபர் 16, வெள்ளி

புகார், மலையே தெரியேல்லை. பஸ் பிந்தி வந்தது. நவோக்கோவின்ரை தாய் பஸ் மறையும் வரைக்கும் குனிஞ்சபடி நிண்டா.

நவோக்கோவிட்டைத் தனிய மன்னிப்புக் கேட்டன், அந்த உடுப்பு விசயத்துக்கு. ஏன் ஆன்ரி எண்டு கேட்டாள். பஸ் வந்திட்டுது எண்டு பையைத் தூக்கினன்.

ரெயினில மச்சாள் பக்கத்தில. "தம்பியோட சண்டை பிடிக்காதை" எண்டா. நான் வெளியில பாத்தன். பிறகு, "கண்ணன்ரை கலியாணத்துக்கு நீதானே ஆலாத்தி எடுக்க வேணும். வருவாய்தானே?"

"பாப்பம்" எண்டன்.

முகம் வாடிப் போச்சு. தை வரைக்கும் அவ இதையே யோசிச்சுக்கொண்டிருக்கட்டும். இவர் மறிச்சால் என்ன, மூடினது அவவின்ரை வாய்தானே.

ஒக்டோபர் 18, ஞாயிறு. ஹவுன்ஸ்லோ

மழை. இவர் நேற்று எயார்போட்டுக்கு வந்தவர், சூட்கேசை வாங்கி, களைச்சுப் போனீர் எண்டு தலையைத் தடவினவர். நல்லா நித்திரை கொண்டன்.

இண்டைக்கு மத்தியானம் பிள்ளையளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினன். அலுமாரியில தேடிச் சாமத்திய வீட்டு வீடியோக் கசெற்றை எடுத்துப் போட்டன். இவர் ரீயோட வந்து இருந்தார். இதை ஏனப்பா இப்ப எண்டார்.

நான் ஆலாத்தி எடுக்கிற இடம். சிரிக்கிறன், பல்லெல்லாம் தெரியுது. பின்னால இவர், என்ரை தோளில கை. அதில நிப்பாட்டினன்.

"இந்த இடத்தில உங்களுக்குத் தெரியுமோ?"

இவர் டீவியைப் பாக்கேல்லை. கார்ப்பெற்றைப் பாத்துக்கொண்டிருந்தார். ரீ ஆறிப் போச்சு.

"அக்கா சொன்னவவே?" எண்டார்.

றீவைண்ட் பண்ணித் திரும்பவும் போட்டன்.