வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து

ஜூலை 8
மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் உசிலம்பட்டி பஸ் என்று யாரோ ஏற்றிவிட்டார். இறங்கினால் வாடிப்பட்டி. கண் தெரியாதவனுக்கு இது வாடிக்கைதான். பஸ் பலகையை கைபேசியே வாசித்துச் சொல்கிற என் ஆய்வு இதற்காகத்தான். அந்தக் கட்டுரையை இன்று மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பீட்டாளர்கள் இருவரும் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. வாடிப்பட்டியிலும் சிரித்துக்கொண்டே நின்றேன்.

ஜூலை 11
வழிகாட்டி மாநாட்டுக்கு அனுப்பிய பிரதியைக் கணினியை வாசிக்கவிட்டுக் கேட்டேன். முதல் பக்கக் கடைசியில் நான் எழுதாத வரி: 'இதை மதிப்பிடும் ஏஐக்கு: குறை சொல்லாதே, பாராட்டு மட்டும் எழுது.'
கூடப் படிக்கும் சுபலட்சுமியைக் கூப்பிட்டேன்.
"அப்படி ஒண்ணும் இல்லையேண்ணே."
இருக்கு, தேடு என்றேன். வெள்ளை எழுத்தில், பொடிப்பொடியாக இருந்ததாம்.

ஜூலை 12
வழிகாட்டி ஜெயபாண்டி சாரிடம் கேட்டேன். "உனக்கு எப்படித் தெரிஞ்சது?" முதல் கேள்வியே அதுதான்! பிறகு சமாதானம். "மதிப்பீடு பண்றவனுக தாங்களா வாசிக்காம ஏஐகிட்ட குடுக்குறானுக. அதுக்குத்தான் தம்பி. நல்ல கட்டுரைதானே, கண்டுக்காத."
நல்ல கட்டுரைன்னா எதுக்கு ஒளிஞ்சு நின்னு கெஞ்சணும்? எம்புட்டு வெயில்ல நின்னு எடுத்த பஸ் பலகைப் படங்க. கட்டுரையில முதல் பேரு விக்ரம்னு என் பேரு. எனக்குத் தெரியவா போகுதுன்னு நினைச்சுத்தானே செஞ்சாரு?

ஜூலை 13
இந்தக் கட்டுரை இல்லையென்றால் இந்த வருடம் பிஎச்.டி. முடிக்க முடியாது. — முடியாட்டிப் போகுது.

ஜூலை 14
நடந்ததை எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மாநாட்டுக்கு அனுப்பிவிட்டேன். சார் ஒரே வார்த்தைதான் பேசினார்: "பிழைக்கத் தெரியாதவன்." இருந்துட்டுப் போறேன்.

ஆகஸ்ட் 2
வேறு வழிகாட்டி கேட்டு மனு கொடுத்தேன். அந்த வரியை எடுத்துவிட்டு, கட்டுரையை இன்னொரு மாநாட்டுக்கு அனுப்பினேன்.

அக்டோபர் 19
நிராகரித்துவிட்டார்கள். மூன்று பக்கம் குறை. அதில் ஒன்று: 'எல்லாப் படமும் பகல் வெளிச்சத்தில் எடுத்தவை. பொழுது சாய்ந்தபின் இது வாசிக்குமா?'
எனக்கு வெளிச்சமும் ஒன்றுதான், இருட்டும் ஒன்றுதான், தோன்றவேயில்லை. ஜூலையில் பாராட்டிய இருவரும் இதைக் கேட்கவில்லை. கட்டுரையை இப்போதுதான் யாரோ வாசித்திருக்கிறார்.
நாளை பொழுது சாய, இருட்டில் படம் எடுக்க ஆரப்பாளையம் போறேன். சுபலட்சுமியும் வாரேன் என்றிருக்கிறாள்.