நட்சத்திரம் மறைத்த வைஃபை

அனுப்புநர்
பாக்கியவதி தேவநேசன்,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
மூன்றாம் மாடி, ஆலயத்தின் எதிர்க் கட்டடம்,
கட்கி, புணே.

பெறுநர்
திரு. எட்வின் சாமுவேல் அவர்கள்,
செயலாளர், ஒலிவமலைத் தமிழ்ச் சபை நிர்வாகக் குழு,
கட்கி, புணே.

பொருள்: கோபுரத்து ரவுட்டரை மறைக்கும் தகர நட்சத்திரத்தைச் சற்றுத் தள்ளிக் கட்டித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் தேவநேசன் நம் பாடகர் குழுவில் பாடியவர். முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுத்த படுக்கையாக இருக்கிறார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. படிகளில் தூக்கி இறக்கினால் கால்களில் மிச்சமிருக்கும் உணர்வும் போய்விடலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

2. ஆராதனையை யூடியூபில் போடக்கூடாது, ஆலயத்து வைஃபையில் மட்டுமே காட்டலாம் என்பது குழுவின் தீர்மானம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வைஃபை எங்கள் வீடு வரை எட்டவில்லை. சாங்வியிலிருந்து வந்து நம் சபையில் கிட்டார் வாசிக்கும் ஷிபின், ஆயரின் அனுமதியோடு, தன் அலுவலகத்தில் கழித்துப் போட்ட இரண்டு ரவுட்டர்களைக் கொண்டுவந்தார். அவற்றின் மென்பொருளை மாற்றி, ஒன்றைக் கோபுரத்திலும் மற்றதை எங்கள் ஜன்னல் கம்பியிலும் கட்டினார். இரண்டும் நேருக்கு நேர் பார்த்திருக்க வேண்டும், நடுவில் உலோகம் எதுவும் வரக்கூடாது என்றும் சொன்னார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் என் கணவர் படுக்கையிலிருந்தே உங்களோடு பாடினார். ஆலயத்தில் ஆமென் சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஆமென். அதனால் என்ன, அவருக்குச் சந்தோஷம்.

3. சென்ற ஆண்டு காகித நட்சத்திரம் அதே இடத்தில்தான் தொங்கியது. ஒரு தடங்கலும் இல்லை. இவ்வாண்டு தாங்கள் ஆகுர்டி பட்டறையில் தகர நட்சத்திரம் செய்வித்துக் காணிக்கையாகத் தந்தீர்கள். அழகாகவே இருக்கிறது, முகத்துதி இல்லை. ஆனால் ஜெபம் செய்து அதை மேலே ஏற்றியபோதே எங்கள் வீட்டில் படம் நின்றுவிட்டது. டேப்லெட் கெட்டுப்போனதென்று என் கணவர் அதைத் தட்டிக்கொண்டே இருந்தார், பாவம்.

4. நட்சத்திரத்தைக் கட்டிய எலெக்ட்ரீஷியன் கேஷவிடம் கேட்டேன். “ஆன்ட்டி, கமிட்டி சொல்லாம நான் தொட மாட்டேன்” என்றார். ஷிபின் ரவுட்டரை வேறு பக்கம் மாற்றிப் பார்த்தார்; அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி எங்கள் ஜன்னலை மறைக்கிறது. தங்களிடம் கேட்டபோது, ஜெபித்து ஏற்றிய நட்சத்திரத்தை ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை இறக்கும் வழக்கமில்லை என்றீர்கள். வழக்கம் எனக்கும் தெரியும் ஐயா. இறக்கச் சொல்லவில்லை. இப்போது தொங்கும் அதே குழாயில் இரண்டு கை தூரம் தள்ளிக் கட்டினால் போதும். நான் சொல்லி முடிப்பதற்குள் தாங்கள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது உண்மை.

5. கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையின் முதல் வேதபாடத்தை ஆயர் இம்முறை என் கணவருக்குத் தந்திருக்கிறார். அவர் வீட்டிலிருந்தபடி வாசிக்க, அதே வைஃபை வழியாக ஆலயத்து ஸ்பீக்கரில் கேட்கும்படி ஏற்பாடு. அதற்கான ஏசாயா பகுதியைத் தினமும் சத்தமாக வாசித்துப் பழகுகிறார். குரல் நடுங்குகிறதா என்று என்னிடம் கேட்கிறார். நட்சத்திரச் செய்தி தெரிந்ததும், “விடுட்டி, ஸ்டாரை விடவா நான் பெரிய ஆளு?” என்று சிரித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

6. நேற்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். டாக்டர் என்ன சொன்னாலும் சரி, கிறிஸ்துமஸ் அன்று தன்னை நாற்காலியில் வைத்துக் கீழே இறக்கிவிட வேண்டுமாம். கோட்டை இஸ்திரி போடச் சொல்லிவிட்டார். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கிற ஆளில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே இம்மனுவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்காமல் தாங்களே முடிவு செய்யும்படி பணிவுடன் வேண்டுகிறேன். நட்சத்திரம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமென்றால், என் கணவரைத் தூக்கி இறக்க நான்கு பேரை அனுப்பித் தாருங்கள். நட்சத்திரத்தைத் தள்ளிக் கட்ட கேஷவ் ஒருவரே போதும்.

இடம்: கட்கி, புணே
நாள்: 13.12.2025

கர்த்தருக்குள் தங்கள் சகோதரி,
(ஒப்பம்)
பாக்கியவதி தேவநேசன்